ஒர்க்‌ஷாப் பார்க்காத கார்

சூலூர் குமாரசாமிக்குப் பொறாமை பசியைப் போல வேளாவேளைக்கு வந்துவிடும். பக்கத்துத் தறிக்காரர் கொட்டகைக்குப் புது ஓடு போட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த ஓடு அடுத்த மழைக்கே ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டால், அன்றைக்கு அவர் மனைவி தெய்வாத்தாள் கூடுதலாக மாவு கரைக்க வேண்டியிருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்லிவிடவும் முடியாது. துக்க வீடென்றால் முதல் ஆளாகப் போய் நின்று எல்லா வேலையும் பார்ப்பார். கல்யாண வீட்டுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும்தான் கால் எழாது.

இந்தக் குணம் இல்லையென்றால் அவர் முன்னுக்கு வந்திருக்கவே மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொருவர் கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்த முதலாளி புல்லட் வாங்கியதைப் பார்த்து வயிறு எரிந்துதான் சொந்தமாகத் தறி போட்டார். எதிர்வீட்டுக்காரர் இரண்டாவது கொட்டகை கட்டியதும் இவரும் கட்டினார். எதிர்வீட்டுக்காரர் அதோடு நிறுத்திக்கொண்டார். இவர் விடவில்லை, எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளை அம்பாசிடர் வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தினார். அந்த வீதிக்கே அதுதான் முதல் கார்.

தறி விஷயத்தில் அவர் கறாரான ஆள். எண்ணெய் விடாமல் தறியை ஓட்டியவனை அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். தேய்ந்த பட்டையைத் தேய்ந்த அன்றே மாற்றுவார். காரும் இரும்புதான், அதற்கும் எண்ணெய் வேண்டும் என்பது இப்பேர்ப்பட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் தறி கொட்டகைக்குள் இருக்கிறது, அதற்கு என்ன செய்தாலும் ஊர் பார்க்காது. கார் அப்படி இல்லை. ஒர்க்‌ஷாப் திருச்சி ரோட்டில் பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரில் இருந்தது. அங்கே அவருடைய கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என்ன பேசுவார்கள்? குமாரசாமி கார் படுத்துவிட்டது என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை அவர் தன் மனதுக்குள் பலமுறை கேட்டிருந்தார். ஆகவே கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகவே இல்லை.

போகாததையே பெருமையாகவும் மாற்றிக்கொண்டார். டீக்கடையில் யாராவது கார் பேச்சை எடுத்தால் போதும், தன்னுடைய கார் வாங்கின நாளிலிருந்து ஒர்க்‌ஷாப் வாசலை மிதித்ததில்லை என்பார். கேட்டவர்களும் தலையாட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்குத் தண்ணீர்த் தொட்டியோரம் நிறுத்திக் கழுவி, பானெட்டில் சந்தனம் பூசி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிடுவார். அந்தக் கார் அவரிடம் இருந்தவரை கண்ட சர்வீஸ் அதுதான்.

அப்படி ஓட்டினால் எந்தக் காரும் எத்தனை நாள் தாங்கும்? தொண்ணூறாம் வருஷம் பிறந்தபோது அம்பாசிடர் காலையில் எழுந்திருக்க அடம்பிடித்தது. பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம் இழுத்தது. பின்னால் விட்ட புகையில் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று மூக்கைப் பொத்தினார்கள். குமாரசாமி யோசித்துப் பார்த்தார். உள்ளூரில் விற்றால் வாங்கினவன் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். அப்போதுதான் தன் சகலை ஒரு பழைய கார் தேடுகிறார் என்று காதில் விழுந்தது. அவருக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சகலை என்றால் தெய்வாத்தாளின் தங்கை ராசம்மாளைக் கட்டிய கோபாலசாமி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, தேங்காய்க் களம் என்று அளவான பிழைப்பு. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரை மாமனார் வீட்டில் என்றைக்குமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். யாரும் பார்க்காவிட்டால் குமாரசாமி தானே பார்த்துக்கொள்வார். ஆனைமலையில் மாமனார் வீட்டுப் பந்தியில் சகலைக்கு விழுந்த வடை பெரிதா, தனக்கு விழுந்த வடை பெரிதா என்று பார்க்காமல் அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

கோபாலசாமியும் லேசான ஆள் இல்லை. நல்ல மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. எதைச் செய்தாலும் எப்படிச் செய்தேன் என்று ஆதியிலிருந்து சொல்வார். அவர் வருகிறார் என்றால் மாமனார் வீட்டுக் கிழவர்களே துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவரிடம் அம்பாசிடரைத் தள்ளிவிடும்போது குமாரசாமி சொன்னது ஒரே ஒரு சிபாரிசுதான். ஒருநாள்கூட ஒர்க்‌ஷாப்புக்குப் போகாத கார் என்றார். அதைக் கேட்டதும் கோபாலசாமியின் முகம் என்னவோ போல ஆனது. மலைத்துப் போய்விட்டார் என்று குமாரசாமி எடுத்துக்கொண்டார்.

அம்பாசிடர் போன கையோடு புதுக் கார் வந்தது. கருநீல நிறம், நீண்ட டிக்கி, உள்ளே ஏசி, பாட்டுப் பெட்டி. அன்றைக்குக் கோயமுத்தூர் மில்காரர்கள் வீட்டில்தான் அந்த மாதிரிக் கார் நின்றது. குமாரசாமி அதில் ஏறி வீதியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பழைய கார் எந்த நிலைமையில் இருக்கிறதென்று கேட்கப் பொள்ளாச்சிக்குப் போன் போட்டார். எடுத்தது ராசம்மாள். தன் வீட்டுக்காரர் காரைப் பொள்ளாச்சி அப்துல் குத்தூஸ் பாயின் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்றாள். குமாரசாமிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் கேட்டார், அப்போதும் கார் ஒர்க்‌ஷாப்பில்தான் நின்றது. முழு இன்ஜினையும் இறக்கி வேலை பார்க்கிறார்களாம். அன்று முழுக்க அவர் தறிக்காரர்களைத் திட்டவே இல்லை.

அதற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகிவிட்டது. நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் சேதி வரும், கோபாலசாமியின் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று. தன்னிடம் இருந்தவரை நோய்நொடியில்லாமல் ஓடிய கார் கை மாறியதும் ஒர்க்‌ஷாப்பே கதியென்று கிடப்பதை அவர் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். பாவம் சகலை, ராசியில்லாத கை என்று வருத்தப்படவும் செய்தார். அந்த வருத்தம் அவருக்கு வெல்லப்பாகு போல இனித்தது.

ஆனைமலை மாசாணியம்மன் குண்டம் திருவிழாவுக்கு மகள்கள் எல்லாரும் பிறந்த வீட்டுக்கு வருவது வழக்கம். கார் விற்றுச் சில வருஷம் கழித்து ஒரு திருவிழாவில்தான் குமாரசாமிக்கு முதல் அடி விழுந்தது. கோபாலசாமியின் வெள்ளை அம்பாசிடர் சந்துக்குள் திரும்பி வந்து நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. இன்ஜின் ஓடுகிறதா அணைத்துவிட்டாரா என்று பானெட்டில் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மாமனார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, போன வாரம் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு வால்பாறை மலை ஏறி இறங்கியதாம், ஓரிடத்தில்கூட மூச்சு வாங்கவில்லையாம் என்று எல்லாரிடமும் சொன்னார்.

குமாரசாமியால் பொறுக்க முடியவில்லை. போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் படுத்திருந்ததே என்று கேட்டுவிட்டார்.

"அது படுக்கலீங்ணா, சர்வீஸுக்கு உட்டதுங்க" என்றார் கோபாலசாமி. "தென்னைக்கு ஓலை பழுத்த பொறகா நாம உரம் வெக்கறோம்? அந்தந்த மாசத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணி உடறோமல்ல, அது மாதிரிதானுங்க."

அதற்குமேல் அவரை யாரால் நிறுத்த முடியும்? கறுத்த ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுவது, ஃபில்டரை மாற்றுவது, அடியில் படுத்துக் கிரீஸ் அடிப்பது, ரேடியேட்டரில் துருத் தண்ணீரை விரட்டுவது, வெடிப்பு விடுவதற்கு முன்பே பெல்ட்டை மாற்றிவிடுவது என்று சோறு போடுகிறவரை பேசினார். இதில் எதையாவது தள்ளிப்போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாதாம். நாலு வருஷம் கழித்துச் சேர்த்து வைத்துக் கேட்குமாம். குமாரசாமியின் காதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை. அவருக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான். அந்த இன்ஜின் அன்றைக்கே நல்ல இன்ஜினாக இருந்திருக்கிறது, அது தெரிந்துதான் இவன் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போயிருக்கிறான். இன்னொருத்தனுடைய பொருளைப் பார்த்து வயிறு எரிவதெல்லாம் அவருக்குப் பழகிப்போன சங்கதி. தான் வேண்டாமென்று தள்ளிவிட்ட பொருளைப் பார்த்து எரிவது புதிது. இது அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

இதற்கிடையில் கருநீலக் கார் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதுவும் ஒர்க்‌ஷாப் வாசலை மிதிக்கவில்லை. முதலில் ஏசி நின்றது. ஏசி இல்லாத கார் என்று ஊர் சொல்லிவிடக்கூடாதே என்று குமாரசாமி எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டே ஓட்டினார். சித்திரை வெயிலில் உள்ளே வெந்து, இறங்குமுன் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு, உள்ளே நெம்பக் குளிருதுங்க என்பார். அடுத்தபடியாகக் கார் ஸ்டார்ட் ஆவதற்கு அழிச்சாட்டியம் செய்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த ஊருக்குப் போனாலும் சரிவான இடமாகப் பார்த்து, முகத்தைப் பள்ளத்துப் பக்கம் வைத்து நிறுத்தினார். உருட்டிவிட்டுக் கிளப்பினால் தானாகக் கிளம்பியது போலவே இருக்கும். சரிவு கிடைக்காத கல்யாண மண்டபங்களுக்கு மொய்யை மட்டும் அனுப்பிவிட்டார்.

எல்லாவற்றையும் தெய்வாத்தாள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. தங்கை வீட்டுக்காரர் போகிற ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை காட்டிவிடலாமே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அவளுடைய தங்கை வீட்டுக்காரர் என்கிற பேச்சை எடுத்தாலே மனிதர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார், என்ன செய்வாள்?

தொண்ணூற்றாறு ஆவணியில் தெய்வாத்தாளின் தம்பி சரவணனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் அந்தியூர். ஆனைமலையிலிருந்து நல்ல தூரம். முதல் நாளே கிளம்பிப் போய்ப் பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை அழைப்புக்கு நின்றாக வேண்டும். மாப்பிள்ளை எந்தக் காரில் போவது என்று பேச்சு வந்தபோது மாமனார் கொஞ்சம் தயங்கினார். அவர் கண் அம்பாசிடர் பக்கம் போய் வந்ததைக் குமாரசாமி பார்த்துவிட்டார். மூத்த மருமகன் கார் இருக்கும்போது மாப்பிள்ளை வேறு காரில் போனால் அந்தியூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவரே கேட்டார். கேட்ட விதத்தில் மறுத்துப் பேச ஆளில்லை. சரி என்று ஆயிற்று.

அந்தக் கல்யாணத்துக்காக அவர் காருக்குச் செய்த ஜோடனை இருக்கிறதே! புது சீட் கவர், மெழுகு பாலிஷ், டாஷ்போர்டில் வெள்ளிப் பிள்ளையார், வாசனை பாட்டில். பானெட்டை மட்டும் திறக்கவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் ஆனைமலை வீட்டில் குமாரசாமி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கோபாலசாமி கருநீலக் காரின் பானெட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய்த் துணி. குமாரசாமியைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். என்ன என்று கேட்டதற்குச் சும்மா பார்த்தேனுங்ணா என்றார். எப்போதும் எதையும் ஆதியிலிருந்து சொல்கிற மனிதர் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையோடு நகர்ந்து போனதுதான் குமாரசாமிக்கு உறுத்தியது.

சாயங்காலத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பினார்கள். முன்னால் மாப்பிள்ளை சரவணனும் தெய்வாத்தாளும் ஏறிய கருநீலக் கார். பின்னால் கோபாலசாமியின் அம்பாசிடர், அதில் ராசம்மாளும் மாமனாரும் மாமியாரும். மற்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் முன்பே போய்விட்டார்கள். பொள்ளாச்சி நெருங்கும்போது தெய்வாத்தாள் மெல்லச் சொன்னாள்.

"ஏனுங்க, பொள்ளாச்சியில நிறுத்தி ஃபேன் பெல்ட்டு ஒண்ணு மாத்திக்கலாமுங்களா?"

குமாரசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் பெல்ட் என்கிற வார்த்தை வந்ததே இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. கண்ணாடியில் பார்த்தார், அம்பாசிடர் அமைதியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பொள்ளாச்சியில் அவர் வேகத்தைக் கூட்டினார்.

திருப்பூர் தாண்டி ஊத்துக்குளிப் பக்கம் போகும்போது பானெட்டுக்கு அடியில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. கருகல் வாடை வந்தது. நிறுத்திவிடலாம் மாமா என்று சரவணன் சொன்னான். அப்போது நிறுத்தியிருந்தால் ஒரு பெல்ட்டும் கொஞ்சம் தண்ணீரும்தான் செலவு. குமாரசாமிக்குக் கண்ணாடியில் தெரிந்த வெள்ளைப் பானெட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அவன் கண் முன்னால் நிறுத்தமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டால் டீ குடிக்க நிறுத்தின மாதிரி நிறுத்திவிடலாம் என்பது அவர் கணக்கு. அடுத்த ஊர் வரவில்லை. வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. பிறகு இன்ஜின் நின்றது. நின்றது நின்றதுதான், பிறகு அசைத்துப் பார்த்தபோது அசையவும் இல்லை.

கோபாலசாமி ஓடி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் குமாரசாமி பொறுத்திருப்பார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அந்தியூரில் பெண் வீட்டார் மேளத்தோடு காத்திருப்பார்கள். மாப்பிள்ளையை அம்பாசிடருக்கு மாற்றினார்கள். மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்ய வேண்டிய மூத்த அக்கா தெய்வாத்தாள், அவள் இல்லாமல் அங்கே சீர் தொடங்காது. ஆகவே அவளும் ஏற வேண்டியதாயிற்று. சீர்த்தட்டுகளையும் அடுக்கியபின் காருக்குள் இன்னொரு ஆளுக்கு இடமில்லை. கோபாலசாமி தான் இறங்கி நின்றுகொள்வதாகவும் அண்ணன் அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு போகட்டும் என்றும் சொன்னார். தன்னுடைய பழைய காரை அவன் கொடுத்து, தான் வாங்கி ஓட்டுவதா? குமாரசாமி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

தெய்வாத்தாள் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. அவள் அந்த வெள்ளைக் காருக்குள் குனிந்து உட்காருவதையும், ராசம்மாள் அவளுக்காக நகர்ந்து இடம் விடுவதையும், கோபாலசாமி அக்கறையாகக் கதவைச் சாத்துவதையும் அவர் ரோட்டோரம் நின்று பார்த்தார். கார் ஒரே சாவியில் கிளம்பிப் போயிற்று. தன் கார், தன் மனைவி, தன் மச்சினன், எல்லாம் அவனோடு போகிறது என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்கு அவர் பட்டது வெறும் அவமானம் இல்லை, பச்சைப் பொறாமை. அவர் லாரி பிடித்துப் பஸ் மாறி அந்தியூர் மண்டபத்தை அடைந்தபோது மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தியும் பாதி எழுந்திருந்தது. மூத்த மருமகன் எங்கே என்று பெண் வீட்டார் கேட்டார்களா என்று விசாரித்தார். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

கல்யாணம் முடிந்தது. கருநீலக் காரைக் கட்டி இழுத்து வந்து, யாரும் பார்க்காதபடி தறிக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். குமாரசாமி அந்தத் தார்ப்பாய்க்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார். பெல்ட் அறுந்துபோகும் என்று கோபாலசாமிக்கு எப்படித் தெரியும்? காலையில் பானெட்டைத் திறந்தான். மதியம் பெல்ட்டைப் பற்றித் தெய்வாத்தாள் பேசினாள். அப்புறம் பெல்ட் அறுந்தது. அறுந்துபோகும் என்று முன்கூட்டியே தெரிந்தவன், அறுத்துவிட்டவன்தானே? யோசிக்க யோசிக்க அது அவருக்குக் கண்ணால் கண்டது போலவே ஆகிவிட்டது. கத்தி எந்தப் பக்கம் வைத்து அறுத்தான் என்றுகூடத் தெரிந்தது.

போலீசுக்குப் போக முடியாது, சொந்தம். மாமனாரிடம் சொல்ல முடியாது, சிரிப்பார். மிச்சமிருந்தது மாசாணியம்மன். துரோகம் செய்தவனைத் தண்டிக்கச் சொல்லி அந்தக் கோயிலில் முறையிடுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்தது. வரமிளகாயை அங்கே கிடக்கும் ஆட்டுக்கல்லில் அரைத்து, நீதிக்கல்லில் பூசி, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தால் செய்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். நகை பறிகொடுத்தவர்களும் காட்டை இழந்தவர்களும் கண்ணீரோடு வருகிற இடம். ஃபேன் பெல்ட்டுக்காக மிளகாய் வாங்கியவர் அநேகமாகக் குமாரசாமி ஒருவராகத்தான் இருப்பார்.

சாமி கும்பிடப் போகலாம் என்று மட்டும் சொல்லித் தெய்வாத்தாளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கோயிலில் மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. தறிக்காரருக்கு ஆட்டுக்கல் பழக்கமில்லை. குழவி ஒருபக்கம் போனால் மிளகாய் இன்னொரு பக்கம் போயிற்று. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய அவர் அரைப்பதைத் தெய்வாத்தாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஆருக்குங்க அரைக்கறீங்க?"

"அன்னிக்குப் பானெட்டைத் தொறந்த கைக்கு" என்றார் குமாரசாமி. "அந்தக் கை வெந்து போகோணும்."

தெய்வாத்தாள் அவர் பக்கத்தில் குந்தினாள். "அவரைக் கூப்பிட்டுத் தொறந்து பாருங்கன்னு சொன்னது நானுங்க" என்றாள். "என்ற தம்பி கல்யாணம். எனக்குப் பயமா இருந்துச்சு. உள்ள பார்த்தா ஆயிலு சொட்டு இல்லீங்க. அவரு காருல இருந்த டின்னை எடுத்து ஊத்துனாரு. தண்ணி ஊத்துனாரு. பெல்ட்டு வெடிச்சிருக்குது, அந்தியூரு போகாது, பொள்ளாச்சியில மாத்தச் சொல்லுங்கன்னு எங்கிட்டச் சொன்னாரு. உங்ககிட்ட அவரு சொன்னா நீங்க கேக்கமாட்டீங்க. நான் சொல்லியும் கேக்கலை."

குமாரசாமியின் கை குழவியில் அப்படியே நின்றது. அவருக்கு ஆயிலும் உறைக்கவில்லை, பெல்ட்டும் உறைக்கவில்லை. உறைத்தது வேறு.

"என்னை நம்பாம அவனை நம்புனயா?"

பின்னால் மிளகாயோடு காத்திருந்த ஒரு பெண் சீக்கிரம் ஆகட்டுமுங்க என்றாள்.

"அந்த வெள்ளைக் காரு நல்ல காருங்க. இந்த நீலக் காரும் நல்ல காருதானுங்க" என்றாள் தெய்வாத்தாள். "காரையெல்லாம் நம்பலாமுங்க. உங்களை நம்பித்தான் ஏற முடியல."

சொல்லிவிட்டு, அவர் அரைத்து வைத்திருந்ததை இரண்டு கையாலும் வழித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். குமாரசாமி தடுப்பதற்குள் நீதிக்கல்லிடம் போய்விட்டாள். நிதானமாகப் பூசினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நின்ற நேரத்தைப் பார்த்தால் நிறையச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. திரும்பி வந்து குழாயில் கை கழுவி, முந்தானையில் துடைத்து, போகலாமுங்க என்றாள்.

பஸ்ஸில் அவரால் உட்கார முடியவில்லை. எரிச்சல் கையில் மட்டும் இல்லை. கோபாலசாமி பேரைச் சொல்லியிருக்கமாட்டாள், அவனைக் கூப்பிட்டதே அவள்தான். தன்னையே சொல்லிக்கொள்ளவும் காரணமில்லை. அப்படியென்றால் யாரைச் சொல்லியிருப்பாள்? ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"அம்மணி, ஆரைச் சொல்லிப் பூசுனே?"

"பேரெல்லாம் சொல்லலீங்க" என்றாள் தெய்வாத்தாள். "நல்ல காரைக் கெடுத்துப்போட்டது ஆரோ, அவிங்களைப் பார்த்துக்க ஆத்தான்னு சொன்னேன். நீங்க எதுக்குங்க பயப்படறீங்க?"

பொள்ளாச்சியில் பஸ் நின்றதும் குமாரசாமி எழுந்தார். சூலூர்க்காரர் யாராவது பஸ்ஸில் இருக்கிறார்களா என்று முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கீழே இறங்கி, அப்துல் குத்தூஸ் பாயின் ஒர்க்‌ஷாப் எந்தப் பக்கம் என்று விசாரித்தார்.